போதை தெளிந்த பிறகு வரும் கோபம்

குடியையோ, கஞ்சாவையோ, மாத்திரையையோ விட்டுவிட்ட ஒருவர் மறுபடியும் தொடங்குவது எந்த நாளில்? யாரைக் கேட்டாலும் "கூடாத சேர்க்கை", "கையில் காசு புரண்ட நாள்" என்று இரண்டு பதில்தான் வரும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பட்டியலில் முதலிடம் இவற்றுக்கு இல்லை.

ரயில்வேயில் பெர்மனென்ட் வே பகுதியில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொண்ணூறுகளில் என் பொறுப்பில் இருந்த ஒரு கேங்கில் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அருமையான வேலைக்காரர். குனிந்து ஒரு கண்ணால் பார்த்தே தண்டவாளத்தில் எந்த இடம் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். குடியில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து வந்து, ஏழு மாதம் சுத்தமாக இருந்தார். ஒரு நாள் காலை இருபது நிமிஷம் தாமதமாக வந்தார். கேங் முழுவதும் நிற்கும்போது நான், "என்னப்பா, ராத்திரி மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழந்தைக்கு ஜுரம், அதனால்தான் தாமதம் என்பது மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. கீழே வேலை செய்கிறவரிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. அன்று மாலை அவர் குடித்தார். பிறகு பதினாலு மாதம் நிறுத்தவில்லை.

அந்த நாளில் அவருக்குக் காசு வரவில்லை. கெட்ட நண்பன் யாரும் கூப்பிடவில்லை. நாலு பேர் சிரிப்புக்கு நடுவில் கூசி நின்ற அந்த ஒரு நிமிஷத்தை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து கடையில் இருந்தது.

முக்கால்வாசி எங்கே?

அமெரிக்காவில் ஆலன் மார்லட் என்ற உளவியல் பேராசிரியர் இந்தக் கேள்வியையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். குடி, சிகரெட், ஹெராயின், சூதாட்டம் என்று எதை விட்டவராக இருந்தாலும், மறுபடி தொடங்கிய அந்த முதல் வேளையில் என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். 1985-ல் ஜூடித் கார்டனுடன் சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார். கணக்கு இதுதான்: கோபம், சோர்வு, கவலை, வெறுமை போன்ற மனநிலைகள் 35 சதவீதம். நண்பர்கள் வற்புறுத்துவது 20 சதவீதம். வீட்டிலோ வேலையிலோ வரும் சண்டை 16 சதவீதம். மூன்றையும் கூட்டினால் முக்கால்வாசிக்குக் கிட்டே வருகிறது. இதில் முதலாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். இரண்டுமே உள்ளே கொதிக்கிற சமாச்சாரம். பாதிக்கு மேல் அதுவே.

ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் பெர்க்கிங் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. குடிக்குச் சிகிச்சை பெற்ற 116 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். உணர்ச்சியைக் கையாளும் திறமை யாருக்குக் குறைவாக இருந்ததோ, குறிப்பாக வேதனையான உணர்ச்சியைப் பொறுத்துக்கொள்ள யாருக்கு முடியவில்லையோ, அவர்களே பின்னாளில் அதிகம் குடித்தார்கள்.

ஆகவே போதையிலிருந்து மீட்கும் சிகிச்சையில் கோபத்தையும் அவமானத்தையும் கையாளக் கற்றுத் தருவதும் ஒரு பகுதி என்பதை உலகமெங்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நம் பெங்களூரிலும் அது நடக்கிறது. நம் குடும்பங்கள்தான் அதை விட்டுவிட்டு, "கொண்டுபோய் மூணு மாசம் அடைச்சு வையுங்க, திருந்தி வரட்டும்" என்று பணம் கட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் உடம்பு

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, உளறல் என்று போய் உயிருக்கே முடிந்ததுண்டு. தூக்க மாத்திரைகளுக்குப் பழகியவருக்கும் அப்படியே. டாக்டர் மேற்பார்வையில், மருந்து கொடுத்து, தயமின் என்ற வைட்டமினை ஏற்றித்தான் இந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டும். ஹெராயின் வகைக்கு அடிமையானவர்களுக்கு ப்யூப்ரனார்ஃபின் போன்ற மருந்தை நீண்ட நாள் கொடுப்பதுண்டு. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடும் அப்பாக்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் இன்சுலினை யாராவது அப்படி நிறுத்துவார்களா? இங்கே நான் எழுதப்போகும் பயிற்சி எதுவும் இந்த மருந்துகளுக்கு மாற்று அல்ல.

ஆனால் உடம்பிலிருந்து விஷம் இறங்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குப் பிறகுதான் கோபம் வரும். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்ததெல்லாம் மூடி திறந்ததும் மேலே வரும். "குடிக்கிறப்போகூட இவ்வளவு கத்தலை, நிறுத்தினப்புறம் தாங்க முடியலை" என்று மனைவிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை. அவர் கெட்டுப் போய்விட்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

என் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. பழைய தண்டவாளம் 13 மீட்டர் நீளம். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி விடுவோம். வெயிலில் நாற்பது டிகிரி ஏறினால் ஒரு துண்டு 6 மில்லிமீட்டர் நீளும். நீள்வதற்கு அந்த இடைவெளி இடம் கொடுக்கும். இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்த நீளத் தண்டவாளம். அதில் இடைவெளியே இல்லை. வெயில் ஏற ஏற நீள முடியாத இரும்பு உள்ளேயே அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டு கிடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சரளை சரியாக இறுகாத இடத்தில் ஒரு நொடியில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். அதனால்தான் தண்டவாளத்தின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதும், குறித்த அளவைத் தாண்டினால் ரோந்துக்கு ஆள் அனுப்புவதும். உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. மனிதனும் இதில் இரும்பு மாதிரிதான் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

ஓசூர் ரோட்டில் நடந்தது

நிம்ஹான்ஸ் என்றால் நம்மில் பாதிப் பேருக்கு இன்னும் "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்ற நினைப்பு. பழைய மனநல மருத்துவமனையும், 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-ல் ஒன்றாகி உருவானது அது. 1991-லிருந்து போதை மீட்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இன்று அதன் பெயர் அடிமைப்பழக்க மருத்துவ மையம்.

அங்கே டாக்டர் விவேக் பெனகலும் சகாக்களும் 1995-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, குடியைப் பற்றி நாம் பேசும் பேச்சையே மாற்ற வேண்டியது. காதில் ஒரே மாதிரி ஒலி வந்துகொண்டிருக்கும்போது இடையில் வேறு ஒலி ஒன்று வந்தால், சுமார் 300 மில்லி விநாடியில் மூளை அலையில் ஒரு மேடு எழும். அதற்கு பி-300 என்று பெயர். குடிநோயாளிகளின் நெருங்கிய ஆண் உறவினர்களிடம் இதை அளந்தார்கள். குடிநோய் வரும் ஆபத்து யாருக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அந்த மேடு தாழ்ந்திருந்தது. மேடு தாழ்ந்திருப்பதற்கும், ஒரு தூண்டல் வந்ததும் சட்டென்று தன்னை நிறுத்திக்கொள்ள முடியாத சுபாவத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். அதாவது சிலருக்குப் பிறவியிலேயே பிரேக் கொஞ்சம் தளர்வு. அப்பாவின் குடியைப் பார்த்து வெறுத்து வளர்ந்த மகனே பின்னாளில் குடிக்கிற கொடுமைக்கு இதுவும் ஒரு காரணம். இது விதி அல்ல. பிரேக் தளர்வாக இருக்கும் வண்டியை ஓட்டத் தனிப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

அதே நிம்ஹான்ஸில் 2006-ல் வெளியான இன்னொரு ஆய்வு. ஒரு வாரம் விஷமிறக்கும் சிகிச்சை முடிந்த 60 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு இரண்டு வாரம் சுதர்சனக் கிரியா என்ற மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனும் அப்படியே குறைந்தது. இங்கே ஒரு கறாரும் வேண்டும். அந்த ஆய்வு அளந்தது இரண்டு வார மனநிலையை. மூச்சுப் பயிற்சியால் குடி நின்றதா என்பதை அது அளக்கவில்லை. "யோகா செய்தால் குடி நின்றுவிடும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

லினஹான் அம்மையாரின் நான்கு பாடங்கள்

இந்தப் பயிற்சியை ஒழுங்கான பாடத்திட்டமாக ஆக்கியவர் அமெரிக்காவின் சியாட்டிலில் பேராசிரியராக இருந்த மார்ஷா லினஹான். தற்கொலை எண்ணத்திலிருந்து மீள முடியாத பெண்களுக்காக முதலில் உருவாக்கி, 1993-ல் பாடநூலாக வெளியிட்டார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி. என்று பெயர். தானே பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தவர் என்பதை 2011-ல்தான் அவர் வெளியில் சொன்னார். பாடத்தில் ஏட்டுச் சுரைக்காய் வாசனை இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன். 1999-ல் போதைக்கு அடிமையான 28 பெண்களிடம் இதைப் பரிசோதித்தார். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களிடம் போதை குறைந்திருந்தது. 28 என்பது சின்ன எண்ணிக்கைதான். அதற்குப் பின் பல இடங்களில் பல வடிவங்களில் இந்தப் பாடங்கள் பரவிவிட்டன. பெயர் சொல்லாமலே இன்று பல ஆலோசகர்கள் இவற்றைக் கற்றுத் தருகிறார்கள்.

மனத்தை இந்த நிமிஷத்தில் நிறுத்துவது, வேதனையைத் தாங்குவது, உணர்ச்சியை வழிப்படுத்துவது, பிறரிடம் பேசத் தெரிவது என்று நான்கு பாடங்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றும். செய்வது சின்னச் சின்ன வேலைகள்.

முதல் வேலை, பெயர் வைப்பது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் பையன்கள் எல்லோரும் சொல்லும் ஒரே வார்த்தை "டென்ஷன்". அப்பா திட்டினாலும் டென்ஷன், காதலி பேசாவிட்டாலும் டென்ஷன், பசித்தாலும் டென்ஷன். அந்த ஒரே மூட்டையைப் பிரிக்கச் சொல்கிறார்கள். இது கோபமா, பயமா, பொறாமையா, தனிமையா, கூச்சமா? 2007-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அபாயமணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அடங்கியது. நெற்றிக்குப் பின்னால் யோசிக்கிற பகுதி ஒன்று விழித்தது. பெயர் வைப்பதே பாதி வைத்தியம்.

தமிழனுக்கு இதில் பஞ்சமே வரக்கூடாது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனவர். அதில் இளிவரல் என்று ஒன்று இருக்கிறது. பிறர் முன் தாழ்ந்து போனோமே என்று உள்ளுக்குள் கூசுவது. என் கேங்க்காரர் அன்று காலை அனுபவித்தது அதுதான். வெளியே கோபமாகத் தெரியும்; உள்ளே இளிவரல். இரண்டுக்கும் மருந்து வேறு. வள்ளுவர் வெகுளாமையை 31-ஆம் அதிகாரமாகவும் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இன்றைய டாக்டர்கள் இரண்டையும் ஒரே வகுப்பில் நடத்துகிறார்கள்.

இரண்டாவது, கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது யோசனை எதுவும் வேலை செய்யாது என்பதை ஒப்புக்கொள்வது. அப்போது உடம்பைத்தான் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அரை நிமிஷம் வைத்தால் இதயத் துடிப்பு இறங்கும். நீரில் முங்கும் எல்லா உயிர்களுக்கும் உள்ள இயற்கை அனிச்சை அது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. அது முடியாவிட்டால் மூச்சு: இழுப்பதைவிட விடுவது நீளமாக, ஐந்து நிமிஷம். அல்லது மாடிப்படியை நாலு தடவை ஏறி இறங்குவது.

மூன்றாவது, மார்லட் கற்றுத்தந்த அலைச் சவாரி. போதை வேட்கை வந்தால் அது ஏறிக்கொண்டே போகும், கடைசியில் தலை வெடித்துவிடும் என்று அடிமைப்பட்டவர் நம்புகிறார். அப்படி இல்லை. அலை மாதிரி எழும், உச்சிக்கு வரும், பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அதோடு மல்லுக்கட்டாமல், விரட்டாமல், இப்போது தொண்டையில் இருக்கிறது, இப்போது வயிற்றில், இப்போது கையில் என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். மெரினாவில் குளித்தவர்களுக்குத் தெரியும்: அலைக்கு எதிரே விறைத்து நின்றால் தள்ளிவிடும், கூடவே எழும்பிக்கொடுத்தால் காலடியில் போய்விடும். இந்த வகையில் தியானத்தையும் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. 286 பேர். ஆறு மாதம் வரை பழைய முறையும் புதிய முறையும் கிட்டத்தட்ட ஒரே பலன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது தியான முறையில் பயின்றவர்கள் போதை எடுத்த நாட்கள் குறைவு. பழகப் பழகத்தான் கைவரும் என்று தோன்றுகிறது.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது, எதிர்ச்செயல். ஒவ்வொரு உணர்ச்சியும் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லும். கூச்சம் ஒளிந்துகொள்ளச் சொல்லும். சோர்வு படுக்கச் சொல்லும். கோபம் அடிக்கச் சொல்லும். சூழ்நிலைக்கு அந்த உணர்ச்சி பொருந்தவில்லை என்றால் அது சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் உறவினர் கல்யாணத்துக்குப் போகக் கூசுவார். அப்படியானால் போக வேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும், சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வர வேண்டும். ஆனால் மண்டபத்துக்குப் பின்னால் பாட்டில் திறக்கும் கல்யாணமாக இருந்தால் போகக் கூடாது. அங்கே பயம் சரியான பயம்.

கடைசியாக, தவறி விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லித் தருகிறார்கள். "முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு" என்று நம்மில் சொல்வார்கள் அல்லவா, அந்த நினைப்புத்தான் ஒரு கிளாஸை ஒரு மாதமாக்குகிறது. லினஹான் சொல்வது: குறி முழு விலக்கு, அதில் பேரமே கிடையாது, ஆனால் விழுந்துவிட்டால் அது கோளாறு, கோளாறு எங்கே என்று பார்த்துச் சரிசெய்து மறுபடி ஓட வேண்டும். ரயில் தடம் புரண்டால் முதலில் பெட்டியைத் தூக்கிப் பாதையைத் திறக்கிறோம், பிறகு விசாரணை வைக்கிறோம். பாதையையே பெயர்த்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை.

மஞ்சக்குடி

இவையெல்லாம் படித்தவர்களுக்கான சமாச்சாரம், நம்மவர்களுக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தமிழ்நாட்டுக் கதை. டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் அவர் பெயராலேயே சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடியை நோய் என்று சொல்லவே வெட்கப்பட்ட காலம் அது. கணவரின் குடியை மறைக்காமல் வெளியில் சொல்லி ஒரு பெண் ஆஸ்பத்திரி கட்டியது சின்ன தைரியம் இல்லை. 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1989-ல் அவர்கள் தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக்கே போய் முகாம் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிற விவசாயக் கூலிகளுக்குச் சொந்த மண்ணிலேயே சிகிச்சை, கூட்டுப் பேச்சு, குடும்பத்தாருக்கும் ஆலோசனை. ஊர்ப் பெரியவர்கள் பிறகும் கவனித்துக்கொண்டார்கள். அந்த அனுபவம் 1994-ல் வெளிநாட்டு மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் கோபத்தைப் பற்றிப் பேச வரும். கேட்க ஆள் வேண்டும்.

மஞ்சக்குடியில் இருந்த ஊர், பெங்களூரில் நமக்கு இல்லை. ஸ்ரீராமபுரத்திலோ, அல்சூரிலோ, எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இருக்கும் குடும்பத்துக்கு மாமா இல்லை, பெரியப்பா இல்லை, "டேய், வா இங்கே" என்று கூப்பிட்டு உட்கார வைக்கும் திண்ணை இல்லை. அப்பா ஷிப்டு, அம்மா வேலை, பையன் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. "பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்குத் தெரிந்தால் தமிழர்கள் மானம் போய்விடும்" என்று மூடி மறைக்கிறோம். அவர் வீட்டிலும் இதே கதைதான், அவரும் நம்மிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறார். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், 5.7 கோடிப் பேருக்கு அது உடல்நலப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பாடம்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பையனுக்கு இருபத்துநாலு வயது. கஞ்சாவில் தொடங்கி மாத்திரைக்குப் போனவன். ஊருக்கு வெளியே ஒரு நிலையத்தில் மூன்று மாதம் சேர்த்தார்கள். பூட்டிய கதவு, காலையில் பிரார்த்தனை, மற்ற நேரம் சும்மா. ஒருவர்கூட அவனிடம் எதனால் தொடங்கியது என்று கேட்கவில்லை. கொழு கொழுவென்று திரும்பி வந்தான். நாலாம் நாள் அப்பா அவன் பையைச் சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று ராத்திரியே போய்விட்டான்.

பையைச் சோதிப்பது, வாசலில் நிறுத்தி வாயை ஊதச் சொல்வது, போனை எடுத்துப் பார்ப்பது: பயத்தில் செய்கிறோம், எனக்குத் தெரியும். ரயில்வேயில் வண்டி ஓட்டுகிறவர் பணிக்கு வரும்போது ஊதிக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே எல்லோரும் ஊதுகிறார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை. வீட்டுச் சோதனையில் ஒரு ஆள்தான் குற்றவாளி. அதற்குப் பதிலாக, சிகிச்சை முடிந்து வரும்போதே ஆலோசகர் முன்னிலையில் எதை, எப்போது, யார் பார்ப்பது என்று இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பரிசோதனை வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது.

இந்தக் குடும்பத்து அப்பாவுக்கு இன்னொரு பயம், போலீஸ். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிய அளவு வைத்திருந்ததாகவோ உபயோகித்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், அரசாங்கமோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். விற்பவர்களுக்கு இது பொருந்தாது. வழக்கு இருந்தால் வக்கீலைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கே இல்லாதவர் டாக்டரிடம் போனால் டாக்டர் போலீசைக் கூப்பிடுவார் என்ற பயம் வீண்.

சரி, பையன் வரவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது? குடும்பத்தார் முதலில் தாங்கள் மட்டும் போகலாம். அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்பவர் இதற்கென்றே ஒரு பயிற்சி உருவாக்கினார். குடிக்காத நேரத்தில் கூட உட்கார்ந்து சாப்பிடுவது, போதையில் இருக்கும்போது வாக்குவாதம் செய்யாமல் விலகிப் போவது, அவன் செய்த கோளாறுகளுக்கு நாமே பணம் கட்டி மூடாமல் இருப்பது, மனம் இளகியிருக்கும் நேரம் பார்த்துச் சிகிச்சைப் பேச்சை எடுப்பது, இவைதான் பாடம். 1999-ல் 130 குடும்பங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் கூடி எதிரே உட்கார்ந்து கண்டிக்கும் முறையில் 30 சதவீதம் பேர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். இந்த முறையில் 64 சதவீதம். குடும்பத்தார் தங்கள் கோபத்தையும் பயத்தையும் முதலில் கையாளக் கற்றுக்கொண்டதால், பிள்ளை ஆஸ்பத்திரிப் படி ஏறினான்.

எங்கே கேட்பது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு எண்கள், இரண்டும் இலவசம். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம், தமிழிலும் பேசலாம். 14446 போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய உதவி எண்.

அந்தப் பையனின் அம்மாதான் முதலில் போன் செய்தார். "அவன் வரமாட்டேங்கிறான், நான் மட்டும் வரலாமா?" என்று கேட்டாராம். வரலாம் என்றார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சிவாஜிநகரிலிருந்து பஸ் ஏறி ஓசூர் ரோட்டுக்குத் தனியாகவே ஆறு முறை போய் வந்தார். ஏழாம் முறை பையன் கூட வந்தான். அப்பா இன்னும் போகவில்லை. அவருக்குச் சொல்லிப் பார்க்கும் பொறுப்பை அந்த அம்மா என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். கேங்க்காரர் கதையைத்தான் முதலில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.